கூரை போன கல் ஆலயங்கள்: குமரி எல்லையில் கண்டவை, கணித்தவை

தக்கலைவாசி

களியக்காவிளை, பாறசாலை, பனச்சமூடு, மார்த்தாண்டம் என்று தமிழக, கேரள எல்லைக்கு இரு பக்கமும் இதே கதைதான். ரப்பர் தோட்டத்துக்குள்ளே கூரையில்லாத கருங்கல் சுவர் நாலு நின்றால் போதும், "வெள்ளைக்காரன் விட்டுட்டு ஓடின பள்ளி" என்று பேச்சு கிளம்பிவிடும் (இங்கே பள்ளி என்றால் தேவாலயம்). ராத்திரியில் மணி கேட்கும் என்பது அதற்கு அடுத்த படி. இங்கே அவரவர் பெயர் போட்டு எழுதுகிறவர்கள் அந்தக் கதைகளை ஓரமாக வைத்துவிட்டு, நேரில் போகிறவர் எதைப் பார்க்கலாம், பார்த்ததிலிருந்து என்ன தெரியும் என்று எழுதினால் உபகாரம்.

முதல் கேள்வியை நானே போடுகிறேன். கூரை விழுந்ததா, கழற்றப்பட்டதா? சுவரின் தலைப்பில் உத்திரம் உட்கார்ந்த பொந்துகளைப் பாருங்கள். தானாக விழுந்த கூரையென்றால் பொந்துக்குள் செல்லரித்த மரத்துண்டு மிச்சம் இருக்கும். தரையில் சருகை விலக்கினாலே ஓட்டுத் துண்டு அடுக்கடுக்காகக் கிடக்கும். கழற்றிய கூரையென்றால் பொந்து சுத்தமாக இருக்கும், தரையில் ஓடு இருக்காது. கதவு நிலை, ஜன்னல் கம்பி, படிக்கல் எல்லாம் போயிருக்கும், நிலையைப் பிடித்திருந்த இரும்புக் கொக்கி மட்டும் சுவரில் நிற்கும்.

என் கணக்கில் நம் வட்டாரத்தில் கூடுதலும் இரண்டாவது வகைதான். சபை பெருகும், பழைய கட்டிடம் போதாது, ரோட்டோரமாகப் பெரிய ஆலயம் எழும்பும். ஓடும் உத்திரமும் மணியும் அங்கே போய்விடும். கருங்கல் சுவரை உடைத்துச் சுமக்கக் கூலி கட்டாது என்பதால் அது மட்டும் நின்றுவிடும். யாரும் விட்டு ஓடவில்லை, இருநூறு கஜம் தள்ளிக் குடிபோனார்கள். ஆகவே பாழடைந்த ஆலயத்தின் சரித்திரம் தேடுகிறவர் முதலில் போக வேண்டியது பக்கத்திலுள்ள புது ஆலயத்துக்கு. அங்கே தொங்கும் மணியின் விளிம்பில் வார்த்த பட்டறையின் பெயரும் வருடமும் இருக்கலாம். அந்த வருடத்தையே கட்டிடத்தின் வருடமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், மணி பிறகு வாங்கியதாகவோ வேறு சபையிலிருந்து வந்ததாகவோ இருக்கலாம்.

பழம்பதிவேடு

எந்த மிஷன், அதாவது எந்த மிஷனரி சங்கம் கட்டியது என்பதைத் தரைப்படத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். தென் திருவிதாங்கூர் லண்டன் மிஷனுக்கு, கோட்டயம் தொடங்கி வடக்கும் மலையும் சர்ச் மிஷனரி சங்கத்துக்கு என்பதுதான் ஏறக்குறைய அந்தக் காலத்துப் பாகப்பிரிவினை. லண்டன் மிஷன் கட்டிடம் பிரசங்கம் கேட்கிற கூடம். அகலமான ஒரே அறை, நீளப் பக்கத்துச் சுவர்களில் வாசல், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி வழி. கிழக்குக் கோடியில் தனி அறையாகப் பிரிந்த பலிபீடப் பகுதி இருக்காது. பிரசங்க மேடையின் அடிக்கல் திட்டு மட்டும் நடுவிலோ சற்று ஓரத்திலோ தெரியும். சர்ச் மிஷன் ஆங்கிலிக்கன் வழக்கம். அதில் கிழக்கே சுவர் குறுகி ஒரு சிறு அறை நீளும், நடுவே பெரிய வளைவு, கூர்முனை ஜன்னல், மேற்கே கோபுரமோ மணிக்கூண்டோ.

காலக்கோடு சுருக்கமாக. லண்டன் மிஷனின் ரிங்கல்தௌபே 1806-இல் திருவிதாங்கூருக்குள் வந்தார், மயிலாடியில் 1809-இல் ஆலயம். அவர் போனபிறகு சார்லஸ் மீட் வந்து நாகர்கோவிலைத் தலைமையிடமாக்கினார். அங்குள்ள பெரிய கருங்கல் ஆலயத்துக்கு 1819 ஜனவரி 1-ஆம் தேதி அடிக்கல் நாட்டியவர் ரிச்சர்ட் நில். 1828-இல் மேற்குப் பகுதிக்கு நெய்யூர் தலைமையானது. திருவனந்தபுரம் 1838, பாறசாலை 1845. உங்கள் ஊர்ச் சுவர் எந்தத் தலைமையிடத்தின் கீழ் இருந்தது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் கடிதமும் கணக்கும் அந்தப் பெயரில்தான் அடுக்கப்பட்டிருக்கும். லண்டன் மிஷனின் கடிதக் கட்டுகள் லண்டன் பல்கலைக்கழகத்தின் ஆசிய ஆப்பிரிக்க ஆய்வுப் பள்ளி நூலகத்தில் உள்ளன.

ஒரு விஷயத்தைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். வாசல் பலகையில் எழுதியிருப்பது பெரும்பாலும் சபை தொடங்கிய வருடம். சபை தொடங்கும்போது இருந்தது ஓலைக் கொட்டகை. அது மண்சுவராகி, பிறகுதான் கல்லாகும். சபை வருடம், அடிக்கல் வருடம், பிரதிஷ்டை வருடம், இன்று நிற்கிற சுவரின் வருடம் என்று நாலையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். இடைவெளி ஐம்பது வருடம் வந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

பெண்கள் மேலாடை அணியும் உரிமை பற்றி எழுந்த மேல்சீலைக் கலவரத்தை மறந்துவிடக்கூடாது. 1820-களின் கடைசியிலும், மறுபடி 1858, 59-லும் தென் திருவிதாங்கூரில் ஓலைக்கூரை ஆலயங்களும் பள்ளிக்கூடங்களும் கொளுத்தப்பட்டன. 1859 ஜூலையில் ராஜ விளம்பரம் (மன்னரின் அறிக்கை) வந்த பிறகுதான் அடங்கியது. அப்படி எரிந்த இடத்திலேயே கல்லால் திரும்பக் கட்டியிருந்தால் அஸ்திவாரத்தில் அடையாளம் இருக்கும். அதை எப்படிப் பார்ப்பது என்று மேஸ்திரி சொல்லட்டும்.

கொத்துவேலை

சொல்கிறேன். தீப்பட்ட கருங்கல் வெங்காயத்தோல் போல ஏடு ஏடாகப் பெயரும், உளி பட்ட உடைப்பு அப்படி இருக்காது. வெட்டுக்கல் (செம்புறைக்கல்) தீயில் வெந்தால் சிவப்பு கூடி, கை பட்டால் மாவாக உதிரும். அஸ்திவாரத்தின் கடைசி இரண்டு வரிசையில் மட்டும் இந்தக் குறி இருந்து மேலே இல்லையென்றால், பழைய அடித்தளத்தில் புதுச் சுவர் ஏறியிருக்கிறது. மேலே ஜன்னலோரம் மட்டும் இருந்தால் அது சமீபத்தில் யாரோ சருகு கொளுத்தியது, அதற்குக் கலவரத்தை இழுக்காதீர்கள்.

இனி சுவர். நம் பக்கத்துக் கல் ஆலயச் சுவர் இரண்டு முதல் இரண்டரை அடி கனம். வெளிமுகம் ஒன்று, உள்முகம் ஒன்று, நடுவில் கல்சில்லும் சுண்ணாம்பும் போட்ட நிரப்பு. இரண்டு முகத்தையும் சேர்த்துப் பிடிக்க அங்கங்கே சுவரின் முழுக் கனத்துக்கும் நீளக்கல் போட்டிருப்பார்கள். உடைந்த வாசலோரத்தில் சுவரின் குறுக்குவெட்டு தெரியும், அங்கே போய் எண்ணுங்கள். நீளக்கல் அடிக்கடி வந்தால் நல்ல கொத்தன். வரவேயில்லை என்றால் சுவருக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள்.

சாந்து சுண்ணாம்பா, சிமெண்டா, வெறும் மண்ணா? சிறு துண்டு எடுத்து வினிகர் ஒரு சொட்டு விட்டால் சுண்ணாம்பு பொங்கும், மண் பொங்காது. சிமெண்ட் சாந்தும் கொஞ்சம் பொங்கும் என்பதால் அதோடு விட்டுவிடக் கூடாது. ஆணியால் கீறுங்கள். சுண்ணாம்புச் சாந்து வெள்ளையாகத் தூள் தரும், வெளுத்த கட்டி ஒன்றிரண்டு உள்ளே இருக்கும், கடற்கரைச் சுண்ணாம்பென்றால் சிப்பித் துணுக்கும் தெரியும். சிமெண்ட் சாம்பல் நிறத்தில் ஆணியைத் தடுக்கும். சிமெண்ட் பட்ட இடமெல்லாம் பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டிலோ அதற்குப் பிறகோ நடந்த வேலை என்று எடுத்துக்கொள்ளலாம்.

கெடுதல் எங்கே தொடங்குகிறது என்றால் சுவரின் தலையில். கூரை இருந்தவரை தலை நனையாது. கூரை போனதும் மழைத் தண்ணீர் நேராக நடு நிரப்புக்குள் இறங்குகிறது. சுண்ணாம்பைக் கரைத்துக் கீழே கொண்டுபோகிறது. நிரப்பு சரிந்து அடியில் அடையும்போது சுவர் வயிறு தள்ளும். தூக்குக்குண்டு கட்டிப் பார்த்தால் நடுவில் இரண்டு மூன்று விரல் வெளியே வந்திருக்கும். நமக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் ஒரு மழை. அதனால் வருடத்துக்கு இரண்டு தடவை இந்த வேலை நடக்கிறது.

இரண்டாவது கெடுதல் நல்லெண்ணத்தில் வருவது. நூற்றாண்டு விழாவுக்கு முந்திய மாதம் யாராவது சிமெண்ட் பூசி இணைப்புக்கோடு போட்டுவிடுவார்கள். சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிட்டுக் காய்கிற சுவர். வெளிமுகத்தைச் சிமெண்டால் அடைத்தால் ஈரம் உள்ளேயே நின்று உப்புப் பூக்கும், சிமெண்ட் தகடாகக் கழன்று வரும்போது பின்னாலிருக்கும் பழைய சாந்தையும் கூட்டிக்கொண்டு வரும். வெட்டுக்கல் கலந்த சுவரில் இது இன்னும் மோசம், கல்லே குழியாகிவிடும்.

ஆலங்கன்று, அரசங்கன்று முளைத்திருந்தால் பிடுங்கக் கூடாது. விரல் கனத்துக்கு மேல் போன வேர் கல்லோடு பிணைந்திருக்கும், இழுத்தால் நாலு கல்லும் சேர்ந்து வரும். அடியோடு அறுத்துத் துளிர்க்கத் துளிர்க்க நறுக்க வேண்டும். வேர் பருத்துவிட்டால் அந்த இடத்துக் கல்லை எண் போட்டு இறக்கி, வேரை எடுத்து, அதே வரிசையில் சுண்ணாம்புச் சாந்தில் திரும்ப வைப்பதுதான் வழி.

அருமனை

மேஸ்திரி அண்ணே, முகப்புச் சுவரின் உள்பக்கத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சாய்வுக்கோடு தெரிகிற சுவர்கள் உண்டே, அது என்ன?

கொத்துவேலை

அதுதான் கூரையின் ஜாதகம். கூரை சுவரில் ஒட்டிய இடத்தில் சாந்து வைத்து அடைப்பார்கள், அந்தக் கோடு கூரை போனாலும் இருக்கும். செங்குத்தாக, 45 டிகிரிக்குக் கிட்டப் போகிற கோடு ஓலைக்கூரை. ஓலைக்கு அந்தச் சரிவு இல்லாவிட்டால் தண்ணீர் நிற்கும். 30, 35 டிகிரியில் படுத்திருப்பது மங்களூர் ஓடு. இரண்டும் இருந்தால் சுவர் ஓட்டுக்கூரைக்கும் முந்தியது.

மரத்தையும் பாருங்கள். துண்டு ஏதாவது பொந்தில் இருந்தால் பனையா, அயினியா, தேக்கா? அந்நாள் திருவிதாங்கூரில் தேக்கு அரசாங்கத்தின் மரமாக இருந்தது, யார் நிலத்தில் நின்றாலும் உத்தரவில்லாமல் வெட்ட முடியாது. சாதாரணச் சபைகள் பனங்கையும் அயினியும் வைத்துத்தான் கூரை போட்டன. தேக்கு உத்திரம் வந்திருந்தால் அரசாங்க அனுமதியோ கொடையோ இருந்திருக்க வேண்டும், அதற்கு எங்காவது ஒரு காகிதமும் இருக்க வேண்டும்.

ஓட்டுக்காரர்

ஓடு பற்றி நான். மங்களூர் ஓட்டின் அடிப்பக்கம் கம்பெனிப் பெயர் பதிந்திருக்கும். பாசல் மிஷன் ஓட்டில் 1865 என்று இருந்தால் துள்ளிக் குதிக்க வேண்டாம். அது மங்களூரில் தொழிற்சாலை தொடங்கிய வருடம், ஓடு சுட்ட வருடம் அல்ல. அல்புகர்க் கம்பெனி ஓட்டில் 1868 இருப்பதும் அப்படியே. அந்த ஓடுகளை வைத்து "1865-க்குப் பிந்தியது" என்று மட்டும் சொல்லலாம். முதல் உலகப் போரில் பாசல் மிஷனின் சொத்துகளை ஆங்கில அரசு எடுத்துக்கொண்டு, போர் முடிந்ததும் காமன்வெல்த் டிரஸ்ட் என்ற கம்பெனியிடம் கொடுத்தது. ஆகவே காமன்வெல்த் பெயர் பதிந்த ஓடு அதற்குப் பிந்தியது. ஒரே தரையில் இரண்டு பெயரும் கிடந்தால், ஒருமுறை ஓடு மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள்.

எத்தனை ஓடு கிடந்தால் முழுக்கூரை? கணக்குப் போடலாம். 60 அடிக்கு 25 அடி ஆலயம் என்றால் தரை 1,500 சதுர அடி. 35 டிகிரிச் சரிவில் கூரைப்பரப்பு சுமார் 1,830 சதுர அடி, அதாவது 170 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 15 ஓடு, மொத்தம் 2,550. ஓடு ஒன்று இரண்டரை முதல் மூன்று கிலோ, ஆக சுமார் ஏழு டன். இறவாரம் இதில் சேரவில்லை. ஏழு டன் சுட்ட மண் விழுந்த இடத்தில் நூறு துண்டு மட்டும் கிடக்காது. குறைவாகக் கிடந்தால் தக்கலைக்காரர் சொன்னபடி கழற்றிக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

ஆணியும் பேசும். சதுரமாக அடித்த ஆணி கொல்லன் வேலை. உருண்டைக் கம்பி ஆணி பிந்தியது. இரும்பு உத்திரம் இருந்தால் அதன் இடுப்பில் உருட்டிய ஆலையின் பெயர் புடைப்பாக இருக்கும். டாடா என்று இருந்தால் 1912-க்குப் பிந்தியது.

தக்கலைவாசி

இதையெல்லாம் பழகிப் பார்க்க நல்ல இடம் உதயகிரிக் கோட்டை. நாகர்கோவில் திருவனந்தபுரம் சாலையில் புலியூர்க்குறிச்சியில் இறங்கினால் போதும். கோட்டை இப்போது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா, டிக்கெட் எடுத்து உள்ளே போகலாம். கூரையில்லாத சிற்றாலயமும் அதற்குள் டிலனாயின் கல்லறையும் இருக்கின்றன.

அது மிஷன் ஆலயம் அல்ல, படைமுகாமுக்கான கத்தோலிக்கச் சிற்றாலயம். 1741-இல் குளச்சல் போரில் மார்த்தாண்டவர்மாவிடம் பிடிபட்ட டச்சுக் கம்பெனி அதிகாரி எவுஸ்டாக்கியஸ் டிலனாய், பிறகு அதே மன்னரின் படையைப் பழக்கித் தளபதியானார். 1777 ஜூன் 1-ஆம் தேதி இறந்தார். அவர் கல்லறையில் லத்தீனும் தமிழும் வெட்டியிருக்கிறது. மனைவியும், களக்காட்டுச் சண்டையில் காயப்பட்டு இறந்த மகனும் அங்கேயே இருக்கிறார்கள். நீலகண்ட பிள்ளை கிறிஸ்தவராகித் தேவசகாயம் என்று பெயர் பெற்றதற்கு முதல் பேச்சு டிலனாயுடன்தான். ஞானஸ்நானம் மட்டும் 1745-இல் வடக்கன்குளத்தில்.

பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் கல்லைத் தொடுவது, தேய்ப்பது, சுண்ணாம்பு அடைப்பது எதுவும் கூடாது. மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ளதென்றால் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டிடம் கூடாது, அதற்கு மேல் 200 மீட்டர் அனுமதியோடு மட்டும். கண்ணால் பழகுங்கள்.

அருமனை

கல்வெட்டு என்றதும் ஒரு சந்தேகம். அடிக்கல்லில் தமிழ் எண்ணில் வருடம் இருந்தால் எப்படிப் படிப்பது? அகரம் உகரம் போலத்தான் தெரிகிறது.

பழம்பதிவேடு

அது எழுத்தில்லை, எண். ௮ எட்டு, ௨ இரண்டு, ௭ ஏழு, ௪ நாலு, ௫ ஐந்து. பழைய முறையில் ஆயிரத்துக்கு ௲, நூறுக்கு ௱, பத்துக்கு ௰ நடுவில் வரும். 1845 என்பதை ௲௮௱௪௰௫ என்று வெட்டுவார்கள். ஆயிரம், எட்டு நூறு, நாலு பத்து, ஐந்து. பிற்காலத்தில் ௧௮௪௫ என்று சுருக்கியும் உண்டு. தேய்ந்த கல்லில் ௰ யகரமாகவும் ௧ ககரமாகவும் தெரியும், பார்த்துப் படிக்க வேண்டும். மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, எகர ஏகார வித்தியாசமும் இருக்காது. அதை வெட்டியவரின் பிழையாக எடுக்க வேண்டாம்.

கொல்லம் ஆண்டில், அதாவது மலையாள நாட்காட்டியில் எழுதியிருந்தால் கணக்கு வேறு. சிங்க மாதம் முதல் தேதியில், அதாவது ஆகஸ்ட் நடுவில் ஆண்டு பிறக்கும். சிங்கம் முதல் டிசம்பர் கடைசிவரை 824 கூட்ட வேண்டும், ஜனவரி முதல் கடைசி மாதமான கர்க்கடகம் முடிய 825. சரியா என்று பார்க்க ஒரு சோதனை: கேரளத்துக்காரர்கள் "தொண்ணூற்றொன்பது வெள்ளம்" என்பது கொல்லம் 1099. ஜூலை மாதத்து வெள்ளம், 825 கூட்டினால் 1924. மாதம் பார்க்காமல் 824 கூட்டினால் ஒரு வருடம் பிசகும். இணையத்தில் உலவும் பல ஆலய வருடங்கள் இப்படிப் பிசகியவைதான்.

படிக்கும் முறை: கல்லில் சுண்ணக்கட்டி தேய்க்காதீர்கள், எண்ணெய், அமிலம் பக்கமே போகாதீர்கள். பொழுது சாய்ந்தபிறகு டார்ச்சைக் கல்லின் முகத்தோடு ஒட்டிப் படுக்கவைத்து அடியுங்கள். இடம், வலம், மேல், கீழ் என்று நாலு பக்கத்திலிருந்தும் வெளிச்சம் விட்டு, கேமராவை நகர்த்தாமல் நாலு படம் எடுத்தால் நடுப்பகலில் வெறும் பாறையாக இருந்தது வரி வரியாக எழும்பும்.

கல்லறை வாசகத்தில் சேசு, சர்வேசுரன் என்று வந்தால் கத்தோலிக்கர். யேசு, பராபரன், கர்த்தருக்குள் நித்திரை என்றால் மிஷன்காரர். பிற்காலத்தில் இந்தப் பிரிவு மங்கிவிட்டது.

பீருமேடு

மலைப்பக்கம் கணக்கு கொஞ்சம் மாறும். இங்கே தமிழர் சபைகள் பலவும் தேயிலைத் தோட்டத்தைச் சார்ந்தவை. குட்டிக்கானம் பள்ளிக்குன்று ஆலயம் 1869-இல் ஹென்றி பேக்கர் காலத்தது, சர்ச் மிஷன். இன்றும் ஆராதனை நடக்கிறது. மூணாறில் கல்லறைத்தோட்டம் முந்தியது, ஆலயம் பிந்தியது. 1894-இல் காலராவில் இறந்த ஒரு துரைசாணியைக் குன்றில் புதைத்தார்கள், கல் ஆலயம் 1910, 11-இல்தான் வந்தது. எனவே மலையில் கல்லறையின் வருடத்தை வைத்து ஆலயத்தின் வயதைச் சொல்லக் கூடாது.

தோட்டம் மூடினால் லயம் (தொழிலாளர் குடியிருப்பு) காலியாகும், லயம் காலியானால் சபை இல்லை. கீழ்நாட்டில் சபை இடம் மாறுகிறது, இங்கே கலைந்தே போகிறது. பதிவேடு யாரிடம் போனது என்பதே சிக்கல். பக்கத்துச் சேகரத்தில் (ஒரு போதகரின் கீழுள்ள சபைகளின் தொகுதி) கேளுங்கள், இல்லையென்றால் தோட்ட அலுவலகத்தில் பழைய ஆள்பதிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

கட்டிட விஷயம்: மலை ஈரத்தில் சுண்ணாம்பு இறுகவே மாதங்கள் ஆகும், ஆகவே உளிவேலை செய்த கல்லை ஒட்டி அடுக்கிச் சாந்தைக் குறைத்திருப்பார்கள். கூரை பெரும்பாலும் தகரம். ஆணி அடித்த துளையில் துரு தின்று, காற்றில் தகடு மடங்கி, ஒரு மூலை தூக்கியதும் மொத்தமும் போகும்.

அருமனை

ராத்திரிச் சத்தம் பற்றி ஒருத்தரும் எழுதவில்லையே. மணி கேட்கும், மூச்சிரைக்கும் என்கிறார்களே.

களியல்

மூச்சிரைப்பது வெண்கூகை. முகப்புச் சுவரின் பொந்தில் குஞ்சு வைத்திருந்தால் இருட்டியதும் குஞ்சுகள் தொடர்ந்து சீறும், மனிதன் கனமாக மூச்சு விடுவதுபோலவே கேட்கும். தாய் திடீரென்று கிறீச்சிடும். பகலில் அந்தப் பொந்துக்கு நேர் கீழே பாருங்கள். கட்டைவிரல் பருமனில் கறுத்த உருண்டைகள் கிடக்கும். குச்சியால் பிரித்தால் எலிமயிரும், முழுசாக எலி மண்டையோடும், ஊசி போன்ற எலும்பும் இருக்கும். அதுதான் அத்தாட்சி.

மணிச் சத்தத்துக்குப் பல ஆலயங்களில் காரணம் இரும்புக் கம்பி. எதிரெதிர்ச் சுவர்கள் விரியாமலிருக்கக் குறுக்கே கம்பி போட்டு வெளியே தட்டு வைத்து முடுக்கியிருப்பார்கள். கூரை போனபிறகு கம்பி தளர்ந்து, காற்றுக்குக் கல்லில் இடிக்கும். வெயிலில் நீண்ட கம்பி இரவில் குளிர்ந்து சுருங்கும்போதும் ஒரு "டங்" உண்டு.

பேயைவிடப் பயப்பட வேண்டியவை வேறு. வௌவால் எச்சம் காய்ந்து தூளான இடத்தில் முகக்கவசம் இல்லாமல் நுழையக் கூடாது, அந்தத் தூசியிலுள்ள பூஞ்சை நுரையீரலைப் பிடிக்கும். துணி போதாது, என் 95 வேண்டும். பெருக்கக் கூடாது, தண்ணீர் தெளித்துவிட்டு நடக்க வேண்டும். வளைவின் உச்சியில் கதண்டு (பெருங்குளவி) கூடு இருக்கிறதா என்று முதலில் வெளியே நின்று அண்ணாந்து பாருங்கள். புகை, சென்ட், சத்தம் மூன்றும் ஆகாது. உச்சிக்கல் இறங்கிய வளைவின் அடியில் படமெடுக்க நிற்க வேண்டாம். மழைக்கு மறுநாள் சுவர்ப் பக்கமே வேண்டாம், நனைந்த நிரப்பு சரிவது அப்போதுதான்.

ஆதாரம் படிப்பவர்

நிலப் பத்திரம் பார்க்காமல் சரித்திரம் முடியாது. குமரி மாவட்டமும் செங்கோட்டையும் 1956 நவம்பர் 1-இல் தமிழகத்தோடு சேர்ந்தன. அதற்கு முந்திய ஆதாரங்கள் பெரும்பாலும் மலையாளத்தில், கொல்லம் ஆண்டில். சொத்து மிஷனரி துரையின் பெயரிலோ லண்டன் மிஷன் பெயரிலோ இருக்கும். 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. அதன் பிறகு சொத்து திருச்சபையின் டிரஸ்ட் பெயருக்குப் போயிருக்கும், அல்லது போகாமலே நின்றிருக்கும். நின்றுபோன இடத்தில்தான் வேலி உள்ளே நகரும்.

வரிசை இப்படி: முதலில் வில்லேஜ் ஆபீஸில் இன்றைய சர்வே எண். பிறகு பழைய எண்ணுக்கும் புது எண்ணுக்கும் தொடர்பு காட்டும் பதிவேடு. அதைக் கொண்டு திருவிதாங்கூர் செட்டில்மென்ட் (நிலவரித் திட்ட) பதிவேடு, 1883-இல் தொடங்கி இருபதாண்டுக்கு மேல் ஓடிய அளவையில் உருவானது. அதில் "பள்ளி" என்றோ புறம்போக்கு என்றோ குறித்திருப்பார்கள். பள்ளிக்கூடமா தேவாலயமா என்பதைப் பக்கத்து எண்களை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். எல்லைக்கு அந்தப்புறம் கேரளம் என்றால் தண்டப்பேர் எண் (நில உடைமையாளரின் பதிவு எண்) கேளுங்கள், வில்லங்கத்துக்கு அங்கே குடிக்கடச் சான்று. பழைய கரம் தீர்த்த ரசீது யாரிடமாவது இருந்தால் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஞானஸ்நானப் பதிவேடும் அடக்கப் பதிவேடும் தாய்ச்சபையில் இருக்கும். 1959-இல் கன்னியாகுமரி தனித் திருமண்டலம் (ஒரு பேராயரின் ஆட்சிப் பகுதி) ஆனபோது தாய்ச்சபை கேரளத்திலும் கிளை தமிழகத்திலுமாகப் பிரிந்த இடங்கள் உண்டு. களியக்காவிளைக்குக் கிழக்கே உள்ள சுவருக்குப் பாறசாலையில் பதிவேடு கேட்பது வீண் அலைச்சல் அல்ல.

கொத்துவேலை

கடைசியாக இரண்டு. புதையல் என்று பலிபீடத் திட்டைத் தோண்டுகிறார்கள். அடிக்கல்லுக்குக் கீழே வைப்பது ஒரு குப்பியில் காகிதமும் அந்த வருடத்து நாணயம் சிலதும். விலை பெறாது, உடைத்தால் சாட்சி போகும். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய் பெறுமானத்துக்கு மேல் எது கிடைத்தாலும் கலெக்டருக்குச் சொல்லியாக வேண்டும். திட்டைத் தோண்டிய ஆலயத்தில் மழைத் தண்ணீர் அந்தக் குழியில் நின்று அஸ்திவாரத்தை இளக்குகிறது, அடுத்தது முகப்புச் சுவர்தான்.

இன்னொன்று, சுவரை நிறுத்திவைக்க நினைக்கும் சபைகளுக்கு. கூரை போடப் பணமில்லை என்றால் சுவரின் தலையையாவது மூடுங்கள். 60 அடிக்கு 25 அடி கட்டிடத்துக்குச் சுற்று 170 அடி, இரண்டடி கனம், சராசரி மூன்று அங்குல மூடி. செங்கல் சல்லி 85 கன அடி, சாந்து 38 கன அடி, அதில் சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று. நீற்றிய சுண்ணாம்பை 15 நாளாவது தண்ணீரில் ஊறப் போடுங்கள், நீறாத கட்டி உள்ளே போனால் பிறகு வெடித்து மூடியைக் கிளப்பும். கடுக்காய் ஊறிய தண்ணீர் சேர்க்கலாம், கருப்பட்டி கை தாராளமானால் சாந்து இறுகாது, எறும்பும் வரும். தளர்ந்த கல்லை எடுத்துத் திரும்ப வைத்து, சுவர்த்தலையை நன்றாக நனைத்து, நடு உயர்ந்து இருபுறமும் சரியும்படி போட்டு, மரக்கட்டையால் அடித்து இறுக்க வேண்டும். ஓரம் சுவரைவிட ஒரு அங்குலம் வெளியே நிற்கட்டும், தண்ணீர் முகத்தில் வழியாது. ஈரச் சாக்குப் போட்டுப் பத்து நாள் காயவிடாமல் பாருங்கள். ஜனவரி தொடக்கத்தில் ஆரம்பித்தால் மார்ச்சுக்குள் இறுகும். ஏப்ரல் கோடைமழையை நம்பித் தொடங்கினால் முதல் இடிமழையிலேயே மூடி கரைந்து சுவரில் வெள்ளை வெள்ளையாக ஒழுகும்.